அப்பாவின் சம்பளச் சீட்டைப் படித்திருக்கிறீர்களா?

கூலிமில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் நான் வேலை செய்கிறேன். பிறந்தது பீடோங் பக்கத்துத் தோட்டம். மாதந்தோறும் நூற்றுக்கணக்கான சம்பளச் சீட்டுகள் என் கை வழியாகப் போகின்றன. அடிப்படைச் சம்பளத்தையும் ஓவர்டைம் பணத்தையும் எல்லாரும் உற்றுப் பார்க்கிறார்கள். அதற்குக் கீழே ‘சொக்சோ’ என்று ஒரு சிறு கழிவு இருக்கும். அது எதற்கு என்று கேட்டால், “வேலையில அடிபட்டா காசு கொடுப்பாங்க” என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. அந்தக் கழிவுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. மாணவர்களே, உங்கள் வீட்டில் அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான்.

உழைப்பு மாறியது, சாப்பாடு மாறவில்லை

என் தாத்தா பால்மரம் வெட்டியவர். விடியும் முன் பெரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் நடந்து, பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடு இறங்கி வருவார். அந்த உடம்புக்குத் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நம் குடும்பங்கள் சுங்கை பட்டாணி, கூலிம் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. இன்று பலர் ஓர் இயந்திரத்தின் முன் மணிக்கணக்கில் நிற்கிறார்கள் அல்லது உட்கார்ந்திருக்கிறார்கள். சோற்றின் அளவு மட்டும் தாத்தா காலத்து அளவு. அதோடு இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்டக் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக் வேறு.

உடலுழைப்பு குறைந்தால் இதயம் என்னாகும் என்பதை லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். 1953-இல் வெளிவந்த அவரது ஆய்வு, மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டது. நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே வேலை செய்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம் வந்தது.

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் மருத்துவச் சான்றுபெற்ற மரணங்களில் 17 விழுக்காட்டுக்குக் காரணம் இதய இரத்தக்குழாய் அடைப்பு நோய். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் பத்தில் மூவருக்கு இரத்த அழுத்தமும் ஐவரில் ஒருவருக்கு நீரிழிவும் இருந்தன. நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. இந்தியர்களிடையே நீரிழிவின் அளவு மற்ற இனத்தவரைவிட அதிகம்.

கைக்கெட்டும் சலுகைகள்

முதலாவது, சொக்சோ எனப்படும் பெர்கேசோவின் இலவசச் சுகாதாரப் பரிசோதனைத் திட்டம். 40 வயதை எட்டிய சந்தாதாரர்களுக்காக 2013-இல் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, உடல் எடை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தகுதி உண்டா என்பதை அடையாள அட்டை எண்ணைக் கொண்டு பெர்கேசோ அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தரும் மருத்துவ விடுப்பு. சம்பளத்தோடு கூடிய இந்த விடுப்பு, சேவைக் காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்குத் தனியாக 60 நாள் வரை உண்டு.

மூன்றாவது, வேலைக்குப் போகாத அம்மாவுக்கு ‘பெக்கா பி40’. அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கும் அவர்களின் துணைவருக்கும் இலவசப் பரிசோதனை கிடைக்கிறது. அறுவை சிகிச்சைக்குத் தேவைப்படும் மருத்துவக் கருவிகளுக்கும் உதவி உண்டு.

நான்காவது, இ.பி.எப். சேமிப்பு. இதய நோய் போன்ற கடும் நோய்களின் சிகிச்சைக்கு அதிலிருந்து பணம் எடுக்க விண்ணப்பிக்கலாம். தனக்கு மட்டுமன்றி, பெற்றோர், துணைவர், பிள்ளைகளின் சிகிச்சைக்கும் இது பொருந்தும்.

ஐந்தாவதைப் பலரும் கேள்விப்பட்டதே இல்லை. 60 வயதுக்கு முன் நோயால் வேலை செய்ய இயலாமற்போனவருக்கு, சந்தா நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், பெர்கேசோ இயலாமை ஓய்வூதியம் தருகிறது. அந்த நோய் வேலையிடத்தில் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய பிள்ளைகளின் மேற்படிப்புக்குக் கல்வி உதவியும் உண்டு. குடும்பத் தலைவர் படுத்துவிட்டால் படிப்பை நிறுத்த வேண்டும் என்று முடிவெடுக்கும் முன் இதைக் கேட்டுப் பாருங்கள்.

பிறகு ஏன் போவதில்லை?

எங்கள் தொழிற்சாலை அண்ணன் ஒருவர், பரிசோதனைக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். கேட்டால், “எனக்கு ஒண்ணும் இல்லம்மா” என்பார். காரணம் மூன்று. கடிதம் மலாயில் இருந்தது. ஒரு நாள் போனால் அந்த மாத வருகைப் படி போய்விடும் என்று நினைத்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, போனால் ஏதாவது சொல்லிவிடுவார்களே என்ற பயம். படிவம் ஐந்தில் படிக்கும் அவர் மகள் கடிதத்தைப் படித்துச் சொல்லி, அவருடைய ஓய்வு நாளில் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். இரத்த அழுத்தம் மிக அதிகம் என்று தெரிந்தது. இப்போது மாத்திரையும் மாலை நடையுமாக இருக்கிறார், வேலையையும் விடவில்லை.

தோட்ட மக்களின் உடல்நலத்துக்காக இளைஞர்கள் முன்வந்தது கெடாவுக்குப் புதிதல்ல. 1946-இல் பீடோங் ஹார்வார்ட் தோட்டத்தில் ஏ.எம்.சாமி தலைமையில் உருவான தொண்டர் படை, குடும்பங்களைக் கெடுத்த கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் தோட்டந்தோட்டமாக இயங்கியது. இன்று உங்களிடம் கேட்பது அவ்வளவு பெரிய போராட்டம் அல்ல.

இந்த வாரமே செய்யுங்கள்

• சம்பளச் சீட்டில் சொக்சோ, இ.பி.எப். பிடிக்கப்படுகிறதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் பெர்கேசோ, இ.பி.எப். அலுவலகங்களில் கேளுங்கள்.

• பெற்றோர் கடைசியாக எப்போது இரத்த அழுத்தம் பார்த்தார்கள் என்று விசாரியுங்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான் கட்டணம்.

• இரத்தப் பரிசோதனைக்கு எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

• நெஞ்சை அழுத்தும் வலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை மாரடைப்பின் அறிகுறிகள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரலாம். ‘வாயு’ என்று தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே 999-ஐ அழையுங்கள்.

முதல் கேள்வியை இன்றிரவு சாப்பாட்டு வேளையில் கேளுங்கள்: “அப்பா, உங்க சம்பளச் சீட்டைக் கொஞ்சம் காட்டுங்க.”