அல்லைப்பிட்டி மண்ணில் சீனக் கிண்ணங்கள்

யாழ்ப்பாணத்தில், பண்ணைத் தாம்போதியைத் தாண்டி வேலணைக்குப் போகும் வழியில் இருக்கிறது அல்லைப்பிட்டி. 1977இல் இங்கே மண்ணுக்குள்ளிருந்து சீனத்துக் கிண்ணங்களும் சாடிகளும் வெளிப்பட்டன. 2018இல் ஷங்காய் அருங்காட்சியகக் குழுவினர் இலங்கைத் தொல்லியலாளரோடு சேர்ந்து மீண்டும் அகழ்ந்தார்கள். ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன், சொங் வம்சக் காலத்தில், குவாங்டொங் சூளைகளில் சுட்டவையே பெரும்பாலானவை. சக்கரத்தில் கையால் வனைந்து, மெருகுப் பூச்சிட்டு, கப்பலேறி அல்லைப்பிட்டிவரை வந்த மண்!

அக்காலச் சீனர் தேயிலையைத் தூளாக்கிக் கிண்ணத்திலிட்டு, வெந்நீர் விட்டு, நுரைக்க அடித்துக் குடித்தார்கள். அப்படியொரு கிண்ணத்தை இரு கையாலும் ஏந்தி ஒருமுறை தேத்தண்ணி குடிக்க வேண்டும். எவ்வளவு ஆசையாக இருக்கிறது!