மஞ்சள் தூளும் பிளாஸ்டிக் மூட்டும்

திருச்சியை அடுத்த சமயபுரம் கோயிலில் புது வண்டிக்குப் பூஜை போட வரும் குடும்பங்களைத் தினமும் பார்க்கலாம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், முன்கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும், பானெட்டின் மேல் மாலை. அம்பாசிடர் வந்த நாளிலும் இதே முறைதான். ஆனால் அன்றைய காரின் டிக்கியில் தேங்காய்ப் பையோடு ஒரு தண்ணீர் கேனும் கட்டாயம் இருக்கும். இன்றைய காரில் அந்தக் கேன் இல்லை. பானெட்டைத் திறக்கும் லீவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் பல வருடம் கார் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அம்பாசிடர் 1957 முதல் 2014 வரை கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தயாரானது. அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். எஞ்சினையும் ரேடியேட்டரையும் இணைப்பவை மேலும் கீழுமாக இரண்டு தடித்த ரப்பர் ஹோஸ்கள். அவை மாட்டியிருக்கும் மூட்டுகள் எல்லாம் உலோகம். ஹோஸை இறுக்கிப் பிடிக்கத் திருகு வைத்த கிளிப். 1921இல் பிரிட்டிஷ் கடற்படைக்காரர் ஒருவர் காப்புரிமை பெற்ற அதே அமைப்புதான். ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும், மொத்தத்தையும் கழற்றி மாட்டிவிடலாம்.

கழற்றி மாட்ட வேண்டிய தேவையும் அடிக்கடி வந்தது. சித்திரை வெயிலில் பாடாலூர் தாண்டி வரும்போதே சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கிப் போகும். புளியமரத்தடியில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ஆறும்வரை காத்திருந்து, ஈரச் சாக்கை மூடியின் மேல் போட்டு மெல்லத் திருகுவார் டிரைவர். ஹோஸ் வெடித்திருந்தால் பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்து இறுக்கிச் சுற்றி, மேலே கட்டுக்கம்பியால் முறுக்குவார். ரேடியேட்டரிலேயே கசிவு என்றால் பக்கத்துப் பெட்டிக்கடையில் மஞ்சள் தூள் வாங்கி உள்ளே கொட்டுவார். தண்ணீரோடு சுற்றி வரும் தூள் கசியும் இடத்தில் சேர்ந்து ஊறி அடைத்துக்கொள்ளும். வண்டி ஊர் வந்து சேரும். மறுநாள் திருச்சியில் ஒரு ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் இன்னும் சில வருடம் ஓடும்.

சமயபுரத்தில் பூச்சொரிதல், சித்திரைத் தேர்த் திருவிழா என்றால் வண்டிகளுக்கே ஒரு சோதனை. பாதயாத்திரைக் கூட்டம் சாலையை நிறைத்து வர, நெ.1 டோல்கேட்டிலிருந்தே கார்கள் ஊர்ந்துதான் வரும். அம்பாசிடரின் விசிறி பெல்ட் வழியாக எஞ்சினோடு பிணைக்கப்பட்டது. எஞ்சின் மெதுவாக ஓடினால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். காற்று அதிகம் தேவைப்படும் நேரத்தில் மிகக் குறைவாகக் கிடைக்கும். அதனால்தான் அந்த நாள்களில் கோயில் சாலையோரம் ஆவி விட்டபடி பானெட் தூக்கிய கார்கள் வரிசையாக நின்றன.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. எஞ்சினைக் குறுக்காக வைத்ததால் விசிறியைப் பெல்ட்டில் மாட்ட வழியில்லை, மின்விசிறி வந்தது. கார் நின்றாலும் ஊர்ந்தாலும், சூடு ஓர் அளவைத் தொட்டதும் அது தானாகச் சுற்றும். தண்ணீருக்குப் பதில் எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட், அதை அடைத்து வைக்கும் கூடுதல் அழுத்த மூடி என்று பிறகு ஒவ்வொன்றாக வந்தன. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். சரிபாதி கலந்த கூலன்ட்டை இன்றைய மூடியின் அழுத்தத்தில் அடைத்தால் 125 டிகிரி தாண்டியும் கொதிக்காது. அந்த மூடியில் நமக்கும் பங்குண்டு: சென்னை சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 1990களிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கே ரேடியேட்டர் மூடி செய்து அனுப்பியது. இப்போது தேர்க்கூட்டத்தில் ஏசி போட்டபடி மணிக்கணக்கில் ஊர்கிறோம், ஒரு காரும் ஆவி விடுவதில்லை. வயதான அம்மாவையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு கத்திரி வெயிலில் கிளம்புகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இந்த நிம்மதிக்கு நடுவில் ஒரு பலவீனம் வந்து உட்கார்ந்தது. ஹோஸ் மாட்டும் மூட்டுகள் பிளாஸ்டிக் ஆயின. கண்ணாடி இழை கலந்த நைலான் அது. எடை குறைவு, விலை குறைவு, துருவும் இல்லை. சென்சார் உட்காரும் இடம், தெர்மோஸ்டாட் கூடு, இரண்டு மூன்று கிளைக்குழாய் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் எடுத்துவிடலாம். ஆனால் சூடான கூலன்ட்டில் தினமும் வெந்து ஆறி வெந்து ஆறிப் பத்து வருடத்தில் அதன் உறுதி போய்விடும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். ரப்பர் வீங்கும், வெடிப்பு காட்டும். உலோகம் பச்சையாகப் பூக்கும். இது எதுவும் காட்டாது.

சென்ற கோடையில் எங்கள் வீட்டுக் காரில் இதைக் கையால் தொட்டுப் பார்த்தேன். மேல் ஹோஸை மாற்றலாம் என்று கிளிப்பைத் தளர்த்தி மெல்லத் திருகியதும், பிஸ்கட் ஒடிவதுபோல் மூட்டு ஒடிந்தது. பாதி ஹோஸுக்குள், பாதி எஞ்சின் பக்கம். உடைந்த விளிம்பு பழுப்பேறி, நகத்தால் கீறினாலே உதிர்ந்தது. பக்கத்துத் தெரு மெக்கானிக் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணே, நல்லவேளை, வீட்டு வாசல்ல உடைஞ்சுது. பெரம்பலூர் ரோட்டுல உடைஞ்சிருந்தா எஞ்சினே போயிருக்கும்” என்றான். அது வெறும் ஆறுதல் பேச்சல்ல.

வேலை கடினமானது இல்லை, பொறுமை வேண்டும். முதலில் துவாரத்துக்குள் ஒரு துணியைத் திணிக்க வேண்டும்; உடைந்த சில் ஒன்று உள்ளே போனால் அது தெர்மோஸ்டாட்டிலோ ரேடியேட்டர் குழாயிலோ போய் அடைக்கும். பத்தாம் நம்பர் ஸ்பேனரில் போல்ட்டுகளைக் கழற்றி, ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில் படிந்த வெள்ளைப் பொருக்கைச் சுரண்டித் துடைத்து, புது வளையத்தைக் கூலன்ட்டில் நனைத்து வைக்க வேண்டும். புது மூட்டை இறுக்கும்போது கை நிதானம் முக்கியம். அம்பாசிடர்காரரின் ‘இன்னொரு சுற்று’ இங்கே ஆகாது, பிளாஸ்டிக் பிளந்துவிடும். பிறகு கூலன்ட்டை மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்று குமிழி குமிழியாக வெளியேறும்வரை நிற்க வேண்டும். ஏர் லாக் இருந்தால் கூலன்ட் நிறைந்திருந்தும் எஞ்சின் சூடேறும்.

அன்று போல் சைக்கிள் டியூபைச் சுற்றி ஊர் வந்து சேர முடியாதா என்றால், முடியாது. ஒடிந்த மூட்டில் சுற்றிக் கட்ட ஒன்றும் மிஞ்சியிருக்காது. எம்-சீல் வைத்துப் பார்க்கிறவர்கள் உண்டு. உள்ளழுத்தத்துக்கும் சூட்டுக்கும் அது நெடுநேரம் நிற்பதில்லை. மஞ்சள் தூளோ இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையே முதலில் அடைக்கும். அன்றைய பழுது சொட்டுச் சொட்டாக வந்தது. இன்றைய பழுது ஒரே நொடியில் மொத்தக் கூலன்ட்டையும் சாலையில் கொட்டுகிறது. முள் இருந்த இடத்தில் பல கார்களில் இப்போது ஒரு விளக்கு மட்டுமே. கூலன்ட் முழுவதும் போய்விட்டால் சென்சார் தொட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாமல், அந்த விளக்கும் நேரத்துக்கு எரியாமல் போகலாம். வார்ப்பிரும்பு ஹெட் கொஞ்சம் பொறுத்துக்கொண்டது. இன்றைய அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

பழைய கைத்திறன் முழுவதும் போய்விடவில்லை. கடையில் கிடைக்காத மூட்டை லேத் பட்டறையில் அலுமினியத்திலோ பித்தளையிலோ கடைந்து வாங்கி மாட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெல் (BHEL) ஆலையும் பொன்மலை ரயில்வே பணிமனையும் இருக்கும் திருச்சியில் லேத்துக்குப் பஞ்சமில்லை. ஒழுங்காகக் கடைந்தது காரின் ஆயுளைத் தாண்டியும் நிற்கும்.

அன்றைய கார், இன்றைய கார் இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்தால் இன்றைய கார்தான் மேல் என்பேன். வழியில் நின்றவர்களின் தவிப்பைப் பார்த்தவன் வேறு மாதிரி சொல்ல மாட்டான். இழந்தது, தினமும் காலையில் பானெட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்த பழக்கம். அன்று கார் அதைக் கேட்டு வாங்கியது. இன்று கேட்பதில்லை. அதனால் நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

உங்கள் கார் பத்து வயதைத் தொட்டிருந்தால், ஹோஸ் மாற்றும்போதே அந்தப் பிளாஸ்டிக் மூட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய்ச் செலவு, ஹெட் வளைந்தால் ஆகும் பல ஆயிரத்தை மிச்சப்படுத்தும். வாரம் ஒரு முறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் மட்டத்தைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள். வடித்த பழைய கூலன்ட்டை வாசலில் கொட்டவும் வேண்டாம். அது இனிக்கும், தெருநாய் நக்கினால் கொஞ்சமே அதன் உயிரை எடுத்துவிடும்.