கண் சிமிட்டும் பிள்ளை: அதட்டுவதற்கு முன் அறிந்துகொள்வோம்

கடந்த காலபோகத்தின்போது உருத்திரபுரத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்தின் வீட்டுத் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தோம். இரணைமடுத் தண்ணீர், பசளை விலை, கதிர் தள்ளும் வயல் என்று கதை போய்க்கொண்டிருந்தது. எமக்கு முன்னால் ஆறு வயது மகன் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் அவன் இரு கண்களையும் இறுக மூடி மூடித் திறப்பதைக் கவனித்தோம். இடைக்கிடை தொண்டையையும் செருமினான்.

"கண்ணைச் சிமிட்டாதை எண்டு உனக்கு எத்தினை தரம் சொல்லுறது?" என்று தாய் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிள்ளை முகத்தை இறுக்கிக்கொண்டு சிறிது நேரம் அடக்கினான். பின்னர் முன்னையிலும் வேகமாகச் சிமிட்டத் தொடங்கினான்.

"மூண்டு மாதமாய் இதுதான். பக்கத்து வீட்டுப் பெடியனைப் பார்த்துப் பழகிட்டான் எண்டு இவர் சொல்லுறார். மாமி கண்ணூறு எண்டு நூல் கட்டிவிட்டவ. பள்ளிக்கூடத்திலை குழப்படி எண்டு எழுப்பி விடுகினமாம். நாங்கள் என்ன செய்யிறது, சொல்லுங்கோ" என்றார் தாய்.

இந்தக் கேள்வி ஒரு தாயின் கேள்வி மட்டுமல்ல. நாம் போகும் கிராமங்களில் பல பெற்றோர் இதையே வெவ்வேறு விதமாகக் கேட்கிறார்கள். எனவே இவ்விதழில் இதைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இது குழப்படியா?

இல்லை. பழகிக்கொண்டதும் அல்ல, கண்ணூறும் அல்ல. வைத்தியர்கள் இதனை 'ரிக்' என்று அழைக்கிறார்கள். உடலின் ஏதோ ஒரு தசை, பிள்ளை நினைக்காமலே, சடுதியாகவும் திரும்பத் திரும்பவும் அசைவதே இது. கண் சிமிட்டுதல், மூக்கைச் சுளித்தல், தோளைக் குலுக்குதல், கழுத்தை வெட்டுதல் என்பன அசைவாக வருபவை. தொண்டையைச் செருமுதல், மூக்கை உறிஞ்சுதல், சிறு ஒலி எழுப்புதல் என்பன சத்தமாக வருபவை.

தும்மல் வருவதற்கு முன் மூக்கில் ஓர் அரிப்பு எழுகிறதல்லவா? அதுபோலவே இப்பிள்ளைகளில் பலருக்கு உள்ளே ஓர் உந்துதல் எழுகிறது. அந்த அசைவைச் செய்தால்தான் அது தணியும். தும்மலைச் சிறிது நேரம் அடக்கலாம், முற்றாக நிறுத்த முடியாது. அப்படியிருக்க, "நிறுத்து" என்று அதட்டினால் பிள்ளை என்ன செய்யும்? அடக்கிப் பார்க்கும். தோற்றுப் போகும். தோற்றதற்கு அடியும் வாங்கும்.

பள்ளிக்கூடத்தில் அரை நாள் முழுவதும் அடக்கி வைத்திருந்துவிட்டு, வீட்டு வாசலுக்கு வந்ததும் கூடுதலாகச் செய்யும் பிள்ளைகள் உண்டு. "வெளியிலை நல்லாத்தானே இருக்கிறான், எங்களுக்கு முன்னாலைதான் வேணுமெண்டு செய்யிறான்" என்று பெற்றோர் கோபிப்பதும் உண்டு. உண்மையில் வீட்டில்தான் அடக்கத் தேவையில்லை என்று பிள்ளை நம்புகிறது. அந்த நம்பிக்கையை நாம் அடித்துக் கலைக்கக் கூடாது.

யாருக்கு வரும்?

இது எமது ஊருக்கு மட்டும் உரியதல்ல. 1885 ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டு வைத்தியர் ஜோர்ஜ் ஜீல் டி லா துரெற் என்பவர் இத்தகைய ஒன்பது நோயாளரைப் பற்றி விரிவாக எழுதினார். பல அசைவுகளும் சத்தங்களும் ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் கடுமையான வகை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அது நூறு பிள்ளைகளில் ஒருவருக்கும் குறைவாகவே வருவது. ஆனால் சில வாரங்களோ மாதங்களோ இருந்துவிட்டு மறையும் சாதாரண 'ரிக்' மிகப் பல பிள்ளைகளுக்கு வந்து போகிறது.

பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் இது தொடங்கும். பெண் பிள்ளைகளிலும் பார்க்க ஆண் பிள்ளைகளுக்கே அதிகம். சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும். ஒரு மாதம் கண், அடுத்த மாதம் மூக்கு என்று இடம் மாறுவதும், கூடிக் குறைவதும் இதன் இயல்பு. நீடிக்கும் பிள்ளைகளுக்கும் பத்து, பன்னிரண்டு வயதளவில் உச்சத்துக்கு வந்து, பின்னர் பெரும்பாலானோருக்குக் குறைந்துவிடும்.

போர்தான் காரணமா?

1996 இல் கிளிநொச்சியை விட்டு ஓடியவர்கள் நாம். 2008 இன் கடைசியிலும் உழவு இயந்திரங்களில் பெட்டி படுக்கையுடன் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று நகர்ந்து, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த வழியில் வந்தவர்கள். அதன்பின் மெனிக் பாம் முகாமில் கூடாரங்களில் இருந்தவர்கள். ஆகவே பிள்ளைக்கு என்ன வந்தாலும் "எல்லாம் அந்தப் பயம்தான்" என்று சொல்லிவிடுகிறோம். இதில் ஒரு பாதி உண்மை உண்டு.

போர் பிள்ளைகளின் மனதை வருத்தியது என்பதில் ஐயமில்லை. போரால் பாதிக்கப்பட்ட எமது பகுதிகளில் 420 பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஓர் ஆய்வில், நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, செல்லடி, உறவினரின் சாவு போன்ற கொடிய அனுபவங்களைச் சந்தித்திருந்தனர். நால்வரில் ஒருவர் அதனால் நீடித்த மனவடுவோடு வாழ்ந்தார். இப்பாதிப்பு ஒருவரோடு நிற்பதில்லை. குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்குகிறது என்பதை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதி வந்துள்ளார்.

ஆயினும் கண் சிமிட்டும் 'ரிக்' செல் விழாத நாடுகளிலும் அதே வயதுப் பிள்ளைகளுக்கு வருகிறது. அசைவுகளை ஆளும் மூளையின் பகுதி வளரும் விதத்தோடு தொடர்புடையது அது. பயமும், களைப்பும், நித்திரைக் குறைவும், வீட்டுச் சண்டையும், திருவிழாக் குதூகலமும்கூட அதைக் கூட்டும். நெருப்பை மூட்டியது காற்று அல்ல. ஆனால் காற்று வீசினால் நெருப்பு கூடும். இந்த வேறுபாடு முக்கியமானது. இன்று ஆறு வயதான பிள்ளை போரைக் கண்டதில்லை. அவனைச் சுற்றி வீசும் காற்று எமது கையில் இருக்கிறது.

மற்றப் பழக்கங்கள்

'ரிக்' வேறு, மனப்பதற்றத்தால் வரும் பழக்கங்கள் வேறு. இவையும் பெற்றோரை வருத்துகின்றன.

விரல் சூப்புதல்: சிறு குழந்தைகளுக்கு இது இயல்பு. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் தாமாகவே விட்டுவிடுவார்கள். விரலில் மிளகாய்த்தூள் பூசுவது கொடுமை. அது கண்ணிலும் படும்.

நகம் கடித்தல், தலைமயிரைப் பிடுங்குதல்: களைப்பிலும் தனிமையிலும் பயத்திலும் கூடும். நகத்தைக் குறுக வெட்டி, கைக்கு ஒரு வேலை கொடுங்கள். தலையில் வெறுமையான திட்டுகள் தெரிந்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

படுக்கையில் சலம் போதல்: ஐந்து வயது வரை இதை ஒரு குறையாகவே கொள்ளத் தேவையில்லை. பல மாதங்களாக நின்றிருந்த பிள்ளைக்கு மீண்டும் தொடங்கினால், ஏதும் பயந்ததா, வீட்டில் மாற்றம் உண்டா என்று பாருங்கள். சலத்தையும் சோதிப்பிக்க வேண்டும். கிருமித்தொற்றோ நீரிழிவோ இருக்கக்கூடும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. அசைவைப் பற்றிப் பேசாதிருங்கள். "சிமிட்டாதே" என்று சொல்வது பிள்ளைக்கு அதை நினைவூட்டுவதாகும். உறவினருக்கும் அயலவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

2. அடிக்க வேண்டாம், பட்டப்பெயர் வைக்க வேண்டாம். "அடியாத மாடு படியாது" என்பார்கள். பிள்ளை மாடு அல்ல; இது படியாமையும் அல்ல.

3. நேரத்துக்கு நித்திரைக்கு அனுப்புங்கள். தொலைபேசித் திரையைப் படுக்கைக்கு முன் அணைத்துவிடுங்கள்.

4. பிள்ளையைத் தனியே வைத்துக் கேளுங்கள்: "பள்ளிக்கூடத்திலை ஆரும் உன்னைப் பகிடி பண்ணுகினமே? எதுக்கும் பயமாய் இருக்கே?" பதில் உடனே வராது. வரப்பில் கூட நடக்கும்போதோ, கோழிக்குத் தீன் போடும்போதோ வரும்.

5. ஓடவும், நீந்தவும், களிமண்ணில் உருவம் செய்யவும், கீறவும் விடுங்கள். தான் விரும்பிய வேலையில் பிள்ளை முற்றாக மூழ்கியிருக்கும் நேரத்தில் 'ரிக்' பெரும்பாலும் குறையும். மட்டக்களப்பில் 1996 இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் வருந்திய தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுக்குக் களிமண்ணும் வண்ணமும் கதையுமே மருந்தாக அமைந்தன. அதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. வாய்க்கால் மண் எமது காலடியிலேயே இருக்கிறது.

6. பெற்றோரின் சண்டையைப் பிள்ளையின் காதுக்கு அப்பால் வைத்திருங்கள். கடன்காரர் வந்து போன இரவும், குடித்துவிட்டு வந்த இரவும் பெரியவர்களுக்கு மறந்துபோகலாம். பிள்ளைக்கு மறக்காது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. இப்பிள்ளையை வகுப்பின் முன்னால் நிறுத்தி வைப்பது நோயைத் தண்டிப்பதாகும். அவனைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைகளைத் தனியே கூப்பிட்டு விளக்குங்கள். அடக்க முடியாத நேரத்தில் ஒரு சிறு வேலை கொடுத்து வெளியே போய்வர விடுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு மருந்து தேவையில்லை. ஆனால் பின்வருவன தெரிந்தால் தாமதிக்க வேண்டாம்:

அசையும்போது பிள்ளை நினைவிழந்தால், கூப்பிட்டும் கேளாமல் வெறித்துப் பார்த்தால், அது வலிப்பாக இருக்கலாம்.

தொண்டைநோ வந்து சில வாரங்கள், மாதங்களின் பின் கைகால் தன்பாட்டில் நெளிந்து துடித்தால், கையில் எடுத்த பொருள் விழுந்தால், எழுத்து உருக்குலைந்தால், அது மூட்டுவாதக் காய்ச்சலின் அடையாளமாக இருக்கலாம். அக்காய்ச்சல் இருதயத்தையும் பாதிக்கக்கூடியது.

கண் சிவந்து அரித்தால், கரும்பலகை தெரியவில்லை என்றால் கண்ணைச் சோதிப்பியுங்கள். இரவிலும் தொடரும் செருமலுக்கும் இருமலுக்கும் நெஞ்சைச் சோதிப்பியுங்கள். 'ரிக்' நித்திரையில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஓராண்டுக்கு மேல் நீடித்தால், உடல் நோகும் அளவுக்கு அசைந்தால், படிப்பையும் விளையாட்டையும் கெடுத்தால் வைத்தியரிடம் கேளுங்கள். உந்துதல் எழும்போது அதற்குப் பதிலாக வேறொரு அமைதியான அசைவைச் செய்யப் பழக்கும் பயிற்சி உண்டு. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கிளினிக்கிலோ சொல்லுங்கள், அங்கிருந்து வழிகாட்டுவார்கள். உளநலப் பிரிவுக்குப் போவது பைத்தியத்துக்கு மருந்தெடுப்பதல்ல.

மீண்டும் அந்தத் திண்ணையில்

அன்று நாம் அந்தத் தாயிடம் ஒன்றை மட்டுமே கேட்டோம்: "ஒரு மாதம் இதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க வேண்டாம்." தாய் தலையாட்டினார். அதுவரை பேசாதிருந்த தகப்பன் எங்களைப் படலை வரை கூட்டி வந்தார். அங்கே நின்று மெல்லச் சொன்னார்:

"மெனிக் பாமிலை எனக்குப் பத்து வயது. ஒவ்வொரு இரவும் படுக்கையிலை சலம் போயிடும். அப்பா அடிப்பார். பாயைக் கூடாரத்துக்கு முன்னாலை எல்லாரும் பார்க்கக் காய விடுவினம். எனக்கு அந்தப் பாய்தான் இண்டைக்கும் ஞாபகம். இவனுக்கு அடி விழேக்கை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தனான்."

நாம் சிறுபோக விதைப்புக் காலத்தில் மீண்டும் போனபோது கண் சிமிட்டுதல் நன்றாகக் குறைந்திருந்தது. செருமல் இன்னும் இடைக்கிடை இருந்தது. ஆனால் பிள்ளை எங்களைக் கண்டு ஒளிக்கவில்லை. வாய்க்கால் களிமண்ணில் தான் செய்த உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து காட்டினான். அதன் ஒரு சில்லு கழன்று விழுந்தது. தகப்பன் கீழே இருந்து, அதைத் திருப்பிப் பூட்டிக் கொடுத்தார்.

எமது தலைமுறைக்குக் கிடைக்காத பொறுமையை எமது பிள்ளைகளுக்குக் கொடுப்போம். அதற்குக் காசு செலவில்லை.