மோட்டார் காரின் பிளக் கம்பிகள்: பழுதை அபாயமின்றிக் கண்டறியும் விதம்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும், விதையும் உரமும் ஏற்றிவரவும் பழைய பெட்ரோல் காரையோ ஜீப்பையோ வைத்திருக்கும் குடியானவர்கள் இன்றும் உண்டு. இவ்வண்டிகளில் அடிக்கடி நேரும் கோளாறு, ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் இஞ்சின் குலுங்குவதாகும். இதற்காகக் காயிலையும் கார்புரேட்டரையும் மாற்றிப் பணத்தை விரயம் செய்தவர் பலர். உண்மையில் குற்றம் ஒரே ஒரு பிளக் கம்பியில் இருப்பதுண்டு. அதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. ஆனால் பலர் கையாளும் வழி அபாயமானது.

டீசல் இஞ்சின்களில் இக்கம்பிகள் கிடையா. புதிய பெட்ரோல் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனிக் காயில் அமைந்திருப்பதால் அவற்றிலும் கம்பிகள் இல்லை. ஆகையால், முதலில் தமது வண்டி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும்.

கம்பியின் வேலை

பாட்டரியிலிருந்து வருவது 12 வோல்ட் மின்சாரமே. காயில் அதனைப் பல ஆயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. இது 20,000 வோல்ட்டுக்கு மேலும் செல்லக்கூடும். டிஸ்ட்ரிபியூட்டர் அதை முறைப்படி பங்கிட, கம்பிகள் அதைப் பிளக்குகளுக்குச் சேர்க்கின்றன. கம்பி இருவகையில் கெடும். உள்ளே இழை அறுந்தால் பொறி பலவீனமாகும் அல்லது அறவே நின்றுவிடும். மேலுறை வெடித்தால் மின்சாரம் பிளக்கை அடையாமல் இஞ்சினின் உடலுக்குத் தாவிவிடும். வெப்பமும் எண்ணெய்க்கசிவும் உறையைக் கெடுக்கின்றன. தானியக் கொட்டகையில் நிறுத்திய வண்டியில் எலிகளும் அதைக் கடித்துவைப்பதுண்டு.

குறிகள்

இஞ்சின் மெதுவாக ஓடுங்கால் குலுங்குதல், மேட்டில் இழுவை குறைதல், பெட்ரோல் அதிகம் செலவாதல், புகைக்குழாயில் பெட்ரோல் வாடை வீசுதல் ஆகியவை குறிகளாம். மழைநாளிலும் பனிக்காலையிலும் மாத்திரம் கோளாறு மிகுமாயின், உறையில் வெடிப்பு இருப்பதாக ஐயுறலாம். ஆயினும் பிளக் கெட்டாலும், எரிபொருள் சரியாகச் செல்லாவிடினும் இதே குறிகள் தோன்றும். ஆகையால் சோதித்தறிந்த பின்னரே பொருள் வாங்குதல் நலம்.

செய்யத்தகாதது

இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு கம்பியாகக் கையால் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழக்கம். இதனால் கடும் மின்னதிர்ச்சி உண்டாகலாம். அதிர்ச்சியில் திடீரென்று உதறும் கை, சுழலும் விசிறியிலோ பெல்ட்டிலோ சிக்கினால் விரல்களை இழக்க நேரும். இருதயத்திற்குப் பேஸ்மேக்கர் கருவி வைத்துக்கொண்டவர்கள் இவ்வேலையில் இறங்கவே கூடாது. வெளியே பாயும் பொறி பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கும். போக வழியற்ற மின்சாரம் காயிலையும் மின்னணுக் கருவிகளையும் கெடுக்கும். எரியாத பெட்ரோல், புகைக்குழாயில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளில் அதைப் பாழாக்கும்.

செய்யத்தக்கவை

வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட்டு இஞ்சினை ஆறவிடுக. பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுக; சில வண்டிகளில் மின்விசிறி சாவியில்லாமலும் சுழலக்கூடும். மோதிரம், கைச்சங்கிலி, தோளில் தொங்கும் துண்டு ஆகியவற்றை அகற்றிவிடுக.

முதலில் கண்ணால் பார்த்தல்: கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, வெடிப்பு, எலிக்கடி, கருகிய கோடு, முனையில் பச்சைக் களிம்பு, சூடான புகைக்குழாயில் பட்டு உருகிய இடம் ஆகியவை உண்டா என்று நோக்குக.

இரண்டாவது, இருளில் பார்த்தல்: பெட்ரோல் கசிவோ வாடையோ இல்லையென உறுதிசெய்த பின்பு, பாட்டரியை மீண்டும் இணைத்து, ஒருவர் ஓட்டுநர் இடத்திலிருந்து இஞ்சினை இயக்குக. மற்றொருவர் எதையும் தொடாமல் விலகி நின்று கவனிக்கட்டும். நீலப்பொறி தெரிந்தாலும், டிக் டிக்கென்னும் ஓசை கேட்டாலும் அவ்விடத்தில் கசிவு உண்டு. மூடிய கொட்டகையில் இதைச் செய்யலாகாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் போக்கும்.

மூன்றாவது, அளந்து பார்த்தல்: இஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, மேற்சொன்னபடி பாட்டரி இணைப்பைக் கழற்றி, ஒரு சமயத்தில் ஒரு கம்பியை மாத்திரம் எடுக்க வேண்டும். கம்பியைப் பற்றி இழுக்காமல், முனையிலுள்ள இரப்பர் உறையைப் பிடித்துச் சற்றே திருகிக் கழற்றுக. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரு முனைகளிலும் தொடுக. கரியிழைக் கம்பிகள் பொதுவாக அடிக்குச் சில ஆயிரம் ஓம் காட்டும். நீளமான கம்பி அதற்கேற்ப மிகுதியாகக் காட்டுவது இயல்பே. மற்றவற்றோடு ஒப்பிட, நீளத்திற்குப் பொருந்தாமல் மிக உயர்ந்த எண் காட்டுவதும், மீட்டரில் தொடர்பே காட்டாததும், மெல்ல வளைக்கும்போது எண் தாவுவதும் பழுதான கம்பிகளாம். சரியான அளவுக்கு வண்டியின் கைப்புத்தகமே பிரமாணம். உறையில் மாத்திரம் வெடிப்புள்ள கம்பி இச்சோதனையில் தேறிவிடக்கூடும். ஆதலால் முன்னிரு சோதனைகளையும் விடலாகாது.

மாற்றும்போது

ஒரு கம்பி முதுமையால் கெட்டதெனில் மற்றவையும் அந்நிலையை நெருங்கியிருக்கும். எனவே முழுத் தொகுதியையும் மாற்றுவது சிக்கனம். பழையதன் நீளத்திற்கு ஒத்த புதியதை ஒவ்வொன்றாக அதே இடத்தில் பொருத்துக. இல்லையேல் எரியும் வரிசை பிறழும். பழைய பெட்ரோல் அம்பாஸடரில் அவ்வரிசை 1-3-4-2. மூன்று சிலிண்டர் கொண்ட மாருதி 800-இல் 1-3-2. கம்பிகளைப் புகைக்குழாயில் படாதவாறு அவற்றின் பிடிகளில் செருகிவிட வேண்டும்.

இவ்வளவும் செய்ய ஒரு மணி நேரமும், ஒரு சிறிய மீட்டருமே தேவை. ஓடும் இஞ்சினில் கை வைத்து மிச்சப்படுத்தும் நேரம் அதனினும் சிறிது. இழக்க நேரிடும் விரலோ மீண்டு வராது. நின்ற இஞ்சினில் நிதானமாகச் சோதிப்பதே குடியானவர்க்கு ஏற்ற வழியாகும்.