பழைய குயில்ட்டுகளைக் கையால் சீரமைத்தல்

குயில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைத்த போர்வை ஆகும். மேல்துணி பெரும்பாலும் சிறு துண்டுகளை இணைத்து உருவாக்கப்படும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வீடுகளில் தைக்கப்பட்ட குயில்ட்டுகள் பல இன்று அருங்காட்சியகங்களிலும் குடும்பங்களிலும் பாதுகாக்கப்படுகின்றன.

இவற்றில் ஒரு விந்தையைக் காணலாம். அடுத்தடுத்துள்ள இரு துண்டுகளில் ஒன்று புதிது போல இருக்க, பழுப்பு அல்லது கறுப்புத் துண்டு மட்டும் பொடிந்து கிடக்கும். அக்காலத்தில் அந்த நிறங்களைத் துணியில் நிலைக்கச் செய்யப் பயன்பட்ட இரும்பு நிறமூன்றியே நாளடைவில் பருத்தி இழைகளை அரித்துவிடுகிறது. பட்டின் நிலையும் இதுவே. பசை நீக்கும்போது குறையும் எடையை ஈடுசெய்யப் பட்டை வெள்ளீய உப்புக் கரைசலில் ஊறவைத்தனர். அத்தகைய பட்டு, யாரும் போர்த்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் கீறல் கீறலாகப் பிளக்கும். 1880களில் அமெரிக்காவில் பரவலாக இருந்த 'கிரேசி குயில்ட்' போர்வைகளில் இதை அதிகம் காணலாம்.

நைந்த துணியில் ஊசி குத்தினால் ஒவ்வொரு துளையும் புதிய கிழிசலாகும். எனவே சீரமைப்பவர் நைந்த துண்டைத் தைப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள உறுதியான துணியில்தான் தைக்கிறார். கிரெப்லீன் எனப்படும் மிக மெல்லிய பட்டையோ நுண்ணிய வலைத்துணியையோ பொருத்தமான நிறத்தில் சாயமிட்டு, நைந்த துண்டின் மேல் பரப்பி, அத்துண்டின் இணைப்பு ஓரங்களில் மெல்லிய நூலால் தைப்பர். போர்வையைத் திருப்பாமல் மேலடுக்கில் மட்டும் தைக்க வளைந்த ஊசி உதவுகிறது.

இதற்கு முன், வலைத்துணியை மேலே விரித்து, குறைந்த விசையில் இயங்கும் தூசு உறிஞ்சியால் தூசு அகற்றப்படும். துவைப்பது பலர் எண்ணுவதைவிட ஆபத்தானது. ஈரத்தில் சாயம் கசியலாம். நீர் ஏறிய பஞ்சின் எடையே தையலை அறுக்கலாம். ஒவ்வொரு நிறத்தையும் ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிச் சோதித்த பின்னரே துவைப்பது பற்றி முடிவு செய்ய வேண்டும்.

நைந்த துண்டை வெட்டியெடுத்து அதே காலத்துப் பழந்துணியை வைத்துத் தைப்போரும் உண்டு. பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் எது மூலத் துணி, எது பின்னர் சேர்த்தது என்று பிறகு பிரித்தறிவது கடினம். ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ் தைத்த விவிலியக் குயில்ட்டை எண்ணிப் பாருங்கள். வறுமையால் 1891இல் அதை 5 டாலருக்கு விற்றார்; இன்று அது ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. எந்தத் துணியை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்தது அவர் கை. அதில் ஒரு துண்டை மாற்றினாலும் அந்த முடிவு அழிந்துவிடும். அதனால்தான் பொடிந்த துணியையும் அகற்றாமல் மேலே மூடித் தைக்கின்றனர். மேலுறையைப் பின்னாளில் பிரித்தெடுக்கவும் முடியும்.

சீரமைத்த குயில்ட்டை மடித்து வைத்தால் மடிப்புகளுக்குள் அமிலமற்ற தாளைச் சுருட்டி வைக்க வேண்டும். அவ்வப்போது பிரித்து வேறு இடத்தில் மடிக்க வேண்டும். மரப்பலகை துணியில் நேரடியாகப் படக்கூடாது; மரத்திலிருந்து வெளிவரும் அமிலம் துணியைப் பழுப்பாக்கும்.