காற்றில் குளிரும் போர்ஷே: எஞ்சினின் அடித்தட்டைக் கழற்றலாமா?

பழைய போர்ஷே 911 வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால் ஒரு கேள்வி தவறாமல் எழும். எஞ்சினுக்கு அடியில் தயாரிப்பாளரே பொருத்தி அனுப்பிய அடித்தட்டை, அதாவது அண்டர்டிரேயைக் கழற்றிவிடலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

கழற்றினால்தான் எஞ்சின் மூச்சு விடும் என்பார் ஒரு மெக்கானிக். காரணம் இல்லாமலா பொருத்தினார்கள், கை வைக்க வேண்டாம் என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை உண்டு. இந்த வகை எஞ்சினைப் பிரித்து மறுபடியும் கட்ட வேண்டிய நிலை வந்தால் செலவு சாதாரணமாக இருக்காது. அதனால் இரண்டு பக்கத்தையும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதே நல்லது.

எந்தக் கார்களுக்கு இந்தக் கேள்வி?

911 கார் முதன்முதலில் 1963-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் வாகனக் கண்காட்சியில் காட்டப்பட்டது. அதன் பிறகு சுமார் 25 ஆண்டுகள் அதன் எஞ்சினுக்கு அடியில் இப்படி மூடிய தட்டு எதுவும் இல்லை. 1989-இல் வந்த 964 ரகத்தில்தான் காரின் அடிப்பாகம் முழுவதும் மூடப்பட்டது. அடுத்து வந்த 993 ரகத்திலும் அது தொடர்ந்தது. 1998-இல் 993 நின்றதோடு, காற்றில் குளிரும் 911-களின் காலமும் முடிந்தது. பின்னர் வந்தவை தண்ணீரில் குளிர்பவை.

ஆக, கேள்வி பெரும்பாலும் 964, 993 ஆகிய இரண்டு ரகங்களைப் பற்றியது.

எஞ்சின் எப்படிக் குளிர்கிறது?

கப்சாய் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு இது எளிதில் புரியும். சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக இருக்கும் தகடுகளின் மேல் எதிர்க்காற்று அடிக்கிறது, சூடு இறங்குகிறது. ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது.

911-லும் அதே தகடுகள்தான். ஆனால் எஞ்சின் காரின் பின்பக்கம் மூடிக்குள் இருப்பதால் எதிர்க்காற்று நேராக அடிக்காது. அதற்காக ஒரு பெரிய விசிறி இருக்கிறது. எஞ்சினின் சுழற்சியிலேயே பெல்ட் மூலம் ஓடும் இந்த விசிறி, பின்மூடியின் கம்பி வலை வழியாகக் காற்றை இழுத்து, சிலிண்டர்களின் மேல் கீழ்நோக்கித் தள்ளும். சூடான காற்று எஞ்சினுக்கு அடியில் வெளியேறும்.

அந்த வெளியேறும் வழியில்தான் அடித்தட்டு இருக்கிறது. விவாதம் முழுவதும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

தட்டை ஏன் பொருத்தினார்கள்?

முதல் காரணம் காற்றுத் தடை. அடிப்பாகம் வழவழப்பாக இருந்தால் கார் காற்றைக் கிழித்துக்கொண்டு சுலபமாகப் போகும். 964-இன் காற்றுத் தடை எண் 0.32 அளவுக்குக் குறைந்ததில் இந்தத் தட்டுகளுக்கும் பங்கு உண்டு.

இரண்டாவது காரணம் சத்தம். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு இரைச்சல் அதிகம். ஐரோப்பாவில் சத்தக் கட்டுப்பாடுகள் இறுகிக்கொண்டு வந்த காலம் அது. எஞ்சினைக் கீழே மூடினால் வெளியே கேட்கும் சத்தம் குறையும்.

இவை தவிர, சாலையில் தெறிக்கும் கல், மண், மழைநீர் ஆகியவற்றையும் தட்டு ஓரளவு தடுக்கிறது.

கழற்றச் சொல்பவர்களின் வாதம்

காற்றுத் தடை, வேகத்தின் இருமடிப்படி கூடும். மணிக்கு 110 கிலோமீட்டரில் இருப்பதைப்போல் நான்கு மடங்கு தடை 220 கிலோமீட்டரில் இருக்கும். வேகக் கட்டுப்பாடு இல்லாத ஜெர்மன் நெடுஞ்சாலைகளில் தட்டின் பயன் தெரியும். 110 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாத மலேசிய நெடுஞ்சாலையில் அந்தப் பயன் மிகக் குறைவு. கோலாலம்பூர் நெரிசலில் அறவே இல்லை.

நெரிசலில்தான் சூட்டுப் பிரச்சினையும் கூடுகிறது. விசிறி எஞ்சினோடு சேர்ந்து ஓடுவதால், கார் நின்றுகொண்டிருக்கும்போது அது மெதுவாகத்தான் சுற்றும். ஓட்டத்தில் கிடைக்கும் காற்றும் இல்லை. வெளியேறிய சூடு தட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில் தேங்குகிறது. எஞ்சினை நிறுத்திய பிறகோ விசிறியே ஓடாது. அந்த நேரத்தில் தேங்கும் சூடு ரப்பர் குழாய்களையும் ஒயர்களையும் சிறிது சிறிதாகக் காய வைக்கும்.

இன்னொரு முக்கியமான காரணம் எண்ணெய்க் கசிவு. ஆரம்பகால 964 எஞ்சின்கள் சில, சிலிண்டரும் அதன் தலைப்பகுதியும் சேரும் இடத்தில் கசிந்தது பலருக்கும் தெரிந்த குறை. தட்டு இருந்தால் எண்ணெய் தரையில் சொட்டாது, தட்டிலேயே தேங்கும். உரிமையாளருக்குக் கசிவு தெரியாது. புகைப்போக்கிக் குழாய்களுக்கு அருகில் எண்ணெய் தேங்கி நிற்பது தீ ஆபத்து. தட்டு இல்லையென்றால் வீட்டு வாசலில் விழும் ஒரு சொட்டே எச்சரிக்கை ஆகிவிடும்.

விடச் சொல்பவர்களின் வாதம்

தட்டு இருந்தும் முப்பது ஆண்டுகளாக நன்றாக ஓடும் கார்கள் இருக்கின்றன. தயாரிப்பாளர் தட்டோடு சேர்த்தே இந்தக் காரைச் சோதித்து வெளியிட்டார் என்பது இவர்களின் முதல் வாதம்.

அடுத்து, எண்ணெய்ச் சூட்டுக்குத் தட்டு மட்டும் காரணமல்ல. இந்தக் கார்களில் எண்ணெயைக் குளிர வைக்கும் கூலர் முன்பக்கச் சக்கரத்தின் அருகே இருக்கிறது. அதற்குத் தனி மின்விசிறி உண்டு. அந்த விசிறியின் மெதுவான வேகத்தை இயக்கும் ரெசிஸ்டர் பழுதாவது 964, 993 இரண்டிலும் அடிக்கடி நடப்பது. அது பழுதானால், சூடு மிக அதிகமான பிறகுதான் விசிறி ஓடத் தொடங்கும். உரிமையாளர் தட்டைக் குறை சொல்வார். உண்மையான குற்றவாளி முன்பக்கம் ஒளிந்திருக்கும்.

கூலரின் இடுக்குகளில் தூசியும் இலையும் அடைத்திருந்தாலும், விசிறி பெல்ட் தளர்ந்திருந்தாலும் இதே கதைதான். இவற்றைப் பார்க்காமல் தட்டை மட்டும் கழற்றுவது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் போர்வையை விலக்குவதற்குச் சமம்.

தகடு வேறு, தட்டு வேறு

இதில் பலர் குழம்புகிறார்கள். எஞ்சினைச் சுற்றி, மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் பிரிக்கும் உலோகத் தகடுகள் இருக்கின்றன. மேலே குளிர்ந்த காற்று, கீழே சூடான காற்று என்று பிரித்து வைப்பது அவைதான். அவற்றையோ, அவற்றின் ஓரத்தில் உள்ள ரப்பரையோ எடுத்துவிட்டால், கீழே போன சூடான காற்றையே விசிறி மறுபடியும் இழுக்கும். எஞ்சின் வெந்துவிடும். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார்களிலும் இதே விதி. கழற்றலாமா என்ற பேச்சு அடியில் உள்ள தட்டுக்கு மட்டுமே, தகடுகளுக்கு அல்ல.

என்ன செய்யலாம்?

முதலில் கூலர் விசிறி, ரெசிஸ்டர், பெல்ட், கசிவு ஆகியவற்றைப் பட்டறையில் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். பிறகு ஒரே பாதையில், ஒரே நேரத்தில், தட்டோடு ஒரு நாளும் தட்டில்லாமல் ஒரு நாளும் ஓட்டி எண்ணெய்ச் சூட்டைக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் முள்ளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதற்காகப் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. முள் காட்டுவது எண்ணெயின் சூட்டை. சிலிண்டர் தலையின் சூட்டை அல்ல.

நகருக்குள் ஓடி, நெரிசலில் நின்று, வெயிலில் வாழும் காருக்கு எஞ்சின் பகுதித் தட்டை மட்டும் கழற்றி வைப்பது நியாயமான முடிவு. காரின் முன்பகுதியிலும் நடுவிலும் உள்ள தட்டுகளைத் தொட வேண்டியதில்லை. பந்தயத் தளத்தில் மிக வேகமாக ஓடும் காருக்கும், அடிக்கடி மண் சாலையில் போகும் காருக்கும் தட்டு இருப்பதே நல்லது.

கழற்றுபவர்கள் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்கக் கூடாது. தாங்கிகள் வைப்பது கட்டாயம். தட்டில் துளை போடுவதோ வெட்டுவதோ வேண்டாம். அதைத் திருகாணிகளோடு பத்திரமாக எடுத்து வைத்தால், காரை விற்கும் நாளில் அதற்கும் விலை உண்டு.

மைவி, சாகா வைத்திருப்பவர்கள் கவனத்திற்கு

மேலே சொன்னது எதுவும் தண்ணீரில் குளிரும் கார்களுக்குப் பொருந்தாது. அவற்றில் முன்பக்கத்தின் அடியில் இருக்கும் மூடி, பெல்ட்டையும் ஒயர்களையும் சேற்றிலிருந்து காக்கிறது. பல ரகங்களில் ரேடியேட்டருக்குக் காற்றைத் திருப்பிவிடவும் உதவுகிறது. எண்ணெய் மாற்றியபின் சில இடங்களில் அதைத் திரும்பப் பொருத்தாமல் விட்டுவிடுவார்கள், அல்லது பாதிக் கிளிப்புகளோடு அனுப்பிவிடுவார்கள். செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடும் காருக்கு அது நல்லதல்ல. பட்டறையை விட்டுக் கிளம்பும் முன் ஒருமுறை குனிந்து பார்த்துவிடுவது நல்லது.