கிட்டாருக்குக் காது கொடுக்கும் கைபேசி

2005-இல் வெளிவந்த ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் கம்பியே கிடையாது. ஐந்து வண்ணப் பொத்தான்கள் பதித்த பிளாஸ்டிக் பொம்மைதான். அதில் வாகை சூடியவர் கையில் நிஜக் கிட்டாரைக் கொடுத்தால் திருதிருவென்று விழிப்பார். 2011-இல் யூபிசாஃப்டின் ‘ராக்ஸ்மித்’ பொம்மையைக் கழற்றிவிட்டு, நிஜ எலெக்ட்ரிக் கிட்டாரைக் கேபிள் வழியே விளையாட்டோடு இணைத்தது. அதே ஆண்டு ஹெல்சிங்கியில் இருந்து வந்த ‘வைல்ட்கார்ட்ஸ்’ செயலிக்குக் கேபிளும் தேவைப்படவில்லை. ஐபேடின் மைக்கே போதுமாக இருந்தது. அதை உருவாக்கிய ஓவலின் நிறுவனம்தான் இன்றைய யூசிஷியன்.

கற்கத் தொடங்குபவர்களில் பத்தில் ஒன்பது பேர் முதல் ஆண்டிலேயே கிட்டாரை மூலையில் சாத்திவிடுகிறார்கள் என்று ஃபெண்டர் நிறுவனத் தலைவராக இருந்த ஆண்டி மூனி சொல்லியிருக்கிறார். விரல்நுனி எரியும் அந்த ஆரம்ப மாதங்களைக் கடத்தத்தான் இந்தச் செயலிகளில் புள்ளிகளும் நட்சத்திரங்களும்.

யூசிஷியன் திரையில் கம்பிகள் கோடுகளாகக் கிடக்க, சுரங்கள் வண்ணக் கட்டங்களாக நகர்ந்து வரும். எண் ஃபிரெட்டை, அதாவது கம்பியை அழுத்த வேண்டிய இடத்தைச் சொல்லும், வண்ணம் விரலைச் சொல்லும். நேரம் தவறாமல் மீட்டினால் மதிப்பெண் ஏறும்.

செயலி இதையெல்லாம் எப்படிக் கேட்கிறது? தடித்த கம்பி வினாடிக்குச் சுமார் 82 முறை அதிரும். முதல் ஃபிரெட்டில் அழுத்தினால் 87. இரண்டையும் பிரித்தறியப் பல அதிர்வுகளைக் கேட்டாக வேண்டும். ஓர் அதிர்வுக்கே 12 மில்லிவினாடி ஆகிறது. 330 முறை அதிரும் மெல்லிய கம்பியில் இந்த வேலை சீக்கிரம் முடிந்துவிடும். உண்மையான தலைவலி வேறு. 82-உடன் 165, 247 என்று மேற்சுரங்களும் சேர்ந்தே ஒலிக்கும். அந்த 247-ஏ இரண்டாம் கம்பியின் சொந்தச் சுரமும்கூட. ஆறு கம்பிகளையும் சேர்த்து மீட்டினால் எது கம்பி, எது மேற்சுரம்?

ஆனால் செயலிக்கு ஒரு சலுகை உண்டு. என்ன வாசிக்கிறார்கள் என்று அது துப்புத் துலக்க வேண்டாம். அடுத்து வரவேண்டியது எது என்று அதற்கு முன்பே தெரியும். விடைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தாள் திருத்துபவரின் வேலைதான். அதனால்தான் கிட்டாரைச் சரியாகச் சுருதி சேர்த்துவிட்டு உட்கார வேண்டும். குறிப்போடு ஒப்பிடும்போது தொடக்கமே பிசகினால் நல்ல வாசிப்புக்கும் பூஜ்யம்தான்.

காது மட்டும் இருப்பதன் குறையும் இங்கேதான். 330 அதிர்வு முதல் கம்பியைச் சும்மா மீட்டினாலும் வரும், இரண்டாம் கம்பியின் ஐந்தாவது ஃபிரெட்டிலும் வரும், மூன்றாம் கம்பியின் ஒன்பதாவதிலும் வரும். சுருதியை மட்டும் கேட்டு எந்த இடம் என்று தீர்மானிக்க முடியாது. மணிக்கட்டு மடங்கியிருப்பதும் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்பதும் மைக்குக்குத் தெரியாது.

ஆரம்பநிலையினரைப் பாடாய்ப் படுத்தும் எஃப் மேஜர் கார்டையே எடுத்துக்கொள்ளலாம். ஆட்காட்டி விரல் ஆறு கம்பிகளையும் ஒன்றாக அழுத்த வேண்டும். அதில் எஃப் சுரம் மூன்று கம்பிகளிலும் சி இரண்டிலும் ஒலிக்கும். ஒரு சி ஊமையாகிப்போனாலும் இன்னொன்று ஈடுகட்டிவிடும்; சுரங்கள் இருக்கின்றனவா என்று மட்டும் பார்க்கும் செயலி தேர்ச்சி கொடுத்துவிடலாம். ஏ மட்டும் மூன்றாம் கம்பியில் தனியாக இருக்கிறது. அது மௌனமானால் மிஞ்சுவது மேஜரும் இல்லை, மைனரும் இல்லை.